கிள்ளானைக் காத்த கால்வாய்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தோட்ட டிரசர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். "ஐயா, நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். பிள்ளைகளுக்குச் சுகாதாரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டார். நாலு வார்த்தை எதற்கு? "சுத்தம் சோறு போடும்" என்று மூன்றே வார்த்தையில் நம் முன்னோர் சொல்லி வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து விடலாம். ஆனால் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிப்போய் விட்டது. அதனால் இன்று உங்களுக்கு உபதேசம் செய்யப் போவதில்லை. நாம் வாழுகிற இந்தக் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த ஓர் உண்மைக் கதையைச் சொல்லப் போகிறேன். இந்தக் கதையில் ராஜா கிடையாது, சண்டை கிடையாது. ஒரு கொசு உண்டு, ஒரு டாக்டர் உண்டு, மண் வெட்டுகிற சங்கோல் உண்டு. அவ்வளவுதான்.

1901-ஆம் ஆண்டுக்குப் போவோம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கிள்ளான் அன்று இப்போது இருப்பதுபோல் பெரிய நகரமா என்றால், இல்லை. ஏறக்குறைய 3,500 பேர் வாழ்ந்த சின்னப் பட்டணம். சிறு சிறு குன்றுகள், குன்றுகளுக்கு நடுவே சதுப்பு நிலம், அரசாங்க வீடுகளின் கொல்லைப்புறம் வரைக்கும் காடு. ஆற்றின் முகத்துவாரத்தில் சதுப்புக் காட்டை வெட்டிப் புதிதாக ஒரு துறைமுகம் கட்டினார்கள். 1901 செப்டம்பர் 15-ஆம் நாள் அதைத் திறந்தார்கள். அதற்கு அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-இல் பெயர் மாற்றப்பட்டுப் போர்ட் கிள்ளான் ஆயிற்று. இன்று உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது.

அந்தத் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மூடிவிடலாமா என்று யோசித்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதுதான் நடந்தது. கப்பலில் சரக்கு இறக்க வந்தவன் படுத்துவிட்டான். ரயிலில் வேலை பார்த்தவன் படுத்துவிட்டான். கிராணி படுத்துவிட்டார். எல்லாருக்கும் குளிர்காய்ச்சல். நாலு கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடுகிற நடுக்கம். பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். அப்புறம் வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். அப்பாடா என்று எழுந்து உட்கார்ந்தால், ஒரு நாள் விட்டு மறுநாள் திரும்ப வந்துவிடும். அதுதான் மலேரியா.

அந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று அதற்கு முன்பு யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து கெட்ட ஆவி எழும்புகிறது, அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்று படித்த வெள்ளைக்காரர்களே நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் "கெட்ட காற்று" என்றுதான் பொருள். புது மண்ணைக் கிளறினால் காய்ச்சல் கிளம்பும் என்றும் சொன்னார்கள். நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? "முனி அடிச்சிருச்சு" என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். காரணம் தெரியாதபோது மனிதன் கையில் கிடைத்ததைத்தான் பிடித்துக்கொள்வான்.

காரணத்தைக் கண்டுபிடித்தது இந்தியாவில். ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ டாக்டர், செகந்திராபாத்தில் ஒரு சின்ன நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு வருஷமே, மனிதனுக்கு இதைக் கொண்டுவருவது அனாபிலிஸ் என்ற வகைக் கொசு என்று இத்தாலிய விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினார்கள். 1902-இல் ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, கெட்ட காற்றும் இல்லை, முனியும் இல்லை. தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிற ஒரு பெண் கொசு!

இதைப் படித்துவிட்டு கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார் ஒரு டாக்டர். மால்கம் வாட்சன் என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர். 1901-இல் வந்தபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் மலேரியாவுக்காகக் கிள்ளான் பட்டணத்திலிருந்து 334 பேரும், துறைமுகத்திலிருந்து 188 பேரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பட்டணத்திலும் துறைமுகத்திலும் சேர்த்துக் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 3,500 பேர் வாழ்கிற ஊருக்கு இது எப்படிப்பட்ட கணக்கு என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டிலும் அழுகுரல்தான்.

வாட்சன் என்ன செய்தார்? மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் நாளைக்கும் இதே கூட்டம்தான் வரும் என்று புரிந்துகொண்டார். நோயாளியைப் பார்த்த கண்ணால் நோயாளி வந்த வீட்டையும் பார்த்தார். சதுப்பை ஒட்டிய வீட்டில் காய்ச்சல் அதிகம். ஆகவே சதுப்பை ஒழித்தால் கொசு ஒழியும், கொசு ஒழிந்தால் காய்ச்சல் ஒழியும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். மாநிலத் தலைமை டாக்டராக இருந்த டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது. குடியிருப்பைச் சுற்றியிருந்த காட்டை வெட்டினார்கள். குட்டையைத் தூர்த்தார்கள். துறைமுகத்தில் கரை கட்டிக் கடல் தண்ணீரைத் தடுத்தார்கள். எங்கே பார்த்தாலும் கால்வாய் வெட்டினார்கள். தோட்டத்தில் கான் என்று சொல்வோமே, அதேதான்.

இப்போது நான் சொல்லும் எண்களைப் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். பரீட்சையில் வராது. ஆனால் வாழ்க்கையில் வரும். காய்ச்சலால் இறந்தவர்கள், 1901-இல் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். 1904-இல் 48 பேர். 1905-இல் 45 பேர். ஒரே வருஷத்தில் 368 எங்கே, 59 எங்கே! துறைமுகத்திலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், முதல் வருஷம் 188 பேர். பிறகு 70, பிறகு 21, பிறகு 4. 1905-இல் ஒருவர்கூட இல்லை. அரசாங்க ஊழியர்கள் காய்ச்சலுக்காக எடுத்த விடுப்பு 1901-இல் 1,026 நாட்கள். 1905-இல் வெறும் 30 நாட்கள். மூடிவிடலாமா என்று யோசித்த துறைமுகம் பிழைத்தது. கிள்ளான் பிழைத்தது. உலகத்து மருத்துவப் புத்தகங்களிலெல்லாம் நம் கிள்ளானின் பெயர் ஏறியது. ஒரு வெப்ப நாட்டுப் பட்டணத்தில் கொசுவை ஒழித்து மலேரியாவை விரட்ட முடியும் என்று உலகத்துக்கு முதன்முதலில் காட்டிய ஊர்களில் ஒன்று, இந்த மண்.

டாக்டர் வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கால்வாய் வெட்ட வேண்டும் என்று எழுதியது டாக்டரின் பேனா. கால்வாயை வெட்டியது பேனா இல்லை. இடுப்பளவு சேற்றில் நின்று, அட்டைக் கடியோடும் கொசுக் கடியோடும் சங்கோல் பிடித்த கைகள் வெட்டின. அந்நாளில் இந்த நாட்டின் பொதுப்பணி இலாகாவிலும் ரயில்வேயிலும் கூலி வேலை பார்த்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். சங்கோல் பிடித்தவனுக்குப் பட்டமும் கிடைக்கவில்லை, புத்தகத்தில் பெயரும் ஏறவில்லை. பரவாயில்லை. இந்தக் கிள்ளானில் ஒரு பிள்ளை நடுக்கமில்லாமல் தூங்குகிறது என்றால், அதுதான் அவனுடைய பட்டம்.

கதை இத்தோடு முடிந்தால் இனிப்பாக இருக்கும். முடியவில்லை. அந்த டாக்டர் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் வெளியே, கிள்ளான் மாவட்டத்தின் மற்ற இடங்களில் காய்ச்சலால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. 1901-இல் 266 பேர். 1903-இல் 230 பேர். 1905-இல் 351 பேர். பட்டணத்தில் இறங்கிய கணக்கு, வெளியே ஏறியிருக்கிறது! ஏன்? கால்வாய் பட்டணத்தோடு நின்றுவிட்டது. வெளியே இருந்தது என்ன? புதிதாகக் காடு வெட்டிப் பால்மரம் நட்டுக்கொண்டிருந்த தோட்டங்கள். ஆட்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். ஆள் கூடக் கூடச் சாவும் கூடியது. காட்டோரத்து லயத்தில் படுத்திருந்தவர்கள் யார்? உங்கள் பாட்டனும் என் பாட்டனும்தான்.

துறைமுகம் நின்றால் வியாபாரம் நின்றுவிடும். அதனால் துறைமுகத்துக்கு உடனே கால்வாய் வந்தது. தோட்டத்தில் ஒருவன் செத்தால் இன்னொருவன் கப்பலில் வருவான். அதனால் லயத்துக்குக் கால்வாய் மெதுவாக வந்தது. 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளிக்கு ஏறக்குறைய 63 பேர் அந்த ஒரே வருஷத்தில் இறந்தார்கள். இது அரசாங்கமே எழுதி வைத்த கணக்கு. அந்த ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளர் சுகாதாரத்துக்கென்று சட்டம் வந்தது. மலேரியா ஆலோசனைக் குழுவும் அமைந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாவு குறைந்தது. வாட்சனும் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கு டாக்டராக வந்து, அங்கேயும் இதே போராட்டத்தை நடத்தினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே அவருக்கு ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. சமவெளியில் காட்டை வெட்டிக் கால்வாய் எடுத்தால் காய்ச்சல் போய்விட்டது. அதே வேலையை மலைத் தோட்டத்தில் செய்தால் காய்ச்சல் கூடியது! எப்படி? சமவெளிக் கொசு நிழலில், காட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். மலையடிவாரத்துக் கொசு வேறு இனம். அனாபிலிஸ் மாகுலாட்டஸ் என்று பெயர். அதற்கு வெயில் வேண்டும். பளிங்குபோல் தெளிந்து ஓடுகிற ஊற்றுத் தண்ணீர் வேண்டும். காட்டை வெட்டி, சுத்தமாகக் கால்வாய் எடுத்து வெயில் படவைத்தால், அந்தக் கொசுவுக்கு நாமே பந்தல் போட்டு விருந்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. அப்புறம்தான் மலைத் தோட்டங்களில் ஊற்றுத் தண்ணீரை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து மறைத்தார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலம் மூடினால் கொசுப் புழுவுக்கு மூச்சு முட்டும். பழைய தோட்டங்களில் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தெண்ணெய் அடிப்பவரைப் பார்த்திருப்பீர்களே, அது இந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான்.

பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் உயிரைக் காத்த வேலை இன்னோர் இடத்தில் உயிரை எடுத்தது. "போன தடவை இப்படித்தான் செய்தோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு செய்தால் போதாது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர், எந்த நேரத்தில் கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். படிப்பு எதற்கு என்று கேட்கிறீர்களே, இதற்குத்தான்.

இன்னொரு பாடமும் உண்டு. கால்வாய் ஒருமுறை வெட்டினால் போதாது. அடுத்த மழையிலேயே புல் முளைக்கும், மண் சரியும். ஜப்பான்காரன் காலத்தில், 1942-க்கும் 1945-க்கும் நடுவில், கால்வாயைப் பார்க்க ஆள் இல்லை. எண்ணெய் இல்லை, கொய்னா மருந்தும் இல்லை. நாற்பது வருஷம் பாடுபட்டு விரட்டிய காய்ச்சல் திரும்பி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன நம் தோட்டத்து மக்கள், மலேரியாவாலும் காலராவாலும் வயிற்றுக் கடுப்பாலும் ஆயிரக்கணக்கில் மாண்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கொசு மறப்பதில்லை. மறப்பது நாம்தான்.

சுதந்திரத்துக்குப் பின் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மருந்தடிக்கிற ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். நான் டிரசராக வேலைக்குச் சேர்ந்தபோது ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்புவது எங்கள் அன்றாட வேலை. வருஷம் போகப் போக அந்தத் தகடுகள் குறைந்துகொண்டே வந்தன. மனிதனிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்குப் பரவுகிற மலேரியா, 2018-இலிருந்து நம் நாட்டில் உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. குரங்கிலிருந்து மனிதனுக்கு வருகிற ஒரு வகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், ஒரு ஊரையே காலி செய்யப் பார்த்த நோய், இன்று பல பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாத நோய்!

அப்படியானால் இந்தக் கிழவன் எதற்குப் பழங்கதை பேசுகிறான் என்று கேட்பீர்கள். இனிமேல் சொல்லப் போவது என் வீட்டுக் கதை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு தாமானில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒரு நாள் என் பேரனுக்குக் காய்ச்சல். உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி. டிங்கி என்று டாக்டர் சொன்னார். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாளுக்கு நாள் ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. முப்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைக்குத் தைரியம் சொன்ன நான், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் பேச முடியாமல் நின்றேன். ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்தான். மறுநாள் சுகாதார அதிகாரிகள் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் வீட்டிலா? நான் டிரசர். என் வீட்டில் ஒரு புழுகூட இருக்காது" என்றேன். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. கைவிளக்கை அடித்தான். பூஜைக்காக நானே நட்டு, நானே தினமும் தண்ணீர் ஊற்றுகிற துளசித் தொட்டி. அதன் அடியில் வைத்த தட்டு. அதில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன, இருபது முப்பது புழுக்கள்!

சம்மன் எழுதிக் கொடுத்தார்கள். பேசாமல் கட்டினேன். பணம் போனது பெரிதில்லை. என் பேரனைக் கடித்த கொசு அந்தத் தட்டில் பிறந்ததாகக்கூட இருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

என் தப்பு என்ன தெரியுமா? மலைத் தோட்டத்தில் முதலில் செய்தார்களே, அதே தப்பு. நான் பழைய கொசுவையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெளியே கால்வாயை மாதம் தவறாமல் சுத்தம் செய்தேன். ஆனால் டிங்கிக் கொசு கால்வாய்க்காகக் காத்திருப்பதில்லை. ஏடிஸ் கொசு, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டது. அதற்கு வீட்டோரத்துத் தெளிந்த தண்ணீர் போதும். ஒரு மூடித் தண்ணீர் இருந்தாலும் முட்டையிடும். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். மலேரியாக் கொசு இராத்திரியில் கடிக்கும். இது பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம், விளையாடுகிற நேரம்!

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, வாரத்தில் ஒரு நாள், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்த்தால்தான் ஒட்டியிருக்கும் முட்டை போகும். சாமி படத்துக்கு வைத்த பூச்சாடித் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். கூரைத் தகரத்தின் ஓரத்தில் இலை அடைத்திருந்தால் எடுத்து விடுங்கள். பழைய டயரை வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு வரும். இன்னொன்று. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடைகிற அந்த நேரம்தான் டிங்கியில் ஆபத்தான நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது, இதில் எது தெரிந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

"கவுன்சில்காரன் வந்து புகையடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்காராதீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தட்டில் கிடக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். குப்பை எடுக்கவில்லையா, கால்வாய் உடைந்திருக்கிறதா, பத்துப் பேராகக் கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். கேட்காத இடத்துக்குக் கால்வாய் தாமதமாகத்தான் வரும் என்பதற்கு நம் பாட்டன்மாரே சாட்சி. ஆனால் என் வீட்டுத் துளசித் தட்டுக்கு நான்தான் கவுன்சில், நான்தான் அரசாங்கம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் பரிசுப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். எத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த வாரமும் எண்ணுங்கள். கணக்குக் குறைகிறதா என்று பாருங்கள். வாட்சன் டாக்டர் செய்ததும் இதுதான். எண்ணினார், எழுதினார், காரணத்தைத் தேடினார். அடுத்த கோத்தோங் ரோயோங் நாளில் அந்தத் தாள்களைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நானும் வருகிறேன். என் வீட்டுத் தாளையும் கொண்டு வருகிறேன்.

நம் பாட்டன்மார் சேற்றில் நின்று இந்த மண்ணை வாழத் தகுந்த மண்ணாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கையில் சங்கோல் இருந்தது. உங்கள் கையில் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தைப் பிடித்த கை, வாரத்தில் ஒரு நாள் அந்தத் தட்டையும் கவிழ்க்கட்டும். அவர்கள் வெட்டிய கால்வாய்க்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.